விளம்பரப் புலிக்கு எத்தனை கோடு? தொலைக்காட்சிக்கு ஓர் அனிமேஷன் விலங்கை உருவாக்கும் வழி

க்ளையண்ட் "ஒரு புலி வேணும்" என்று சொன்ன கையோடு பென்சிலை எடுப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் மறுபடி முதல் பக்கத்துக்கே வந்து நிற்பார்கள். படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புலிக்கு விளம்பரத்தில் வேலை எதுவும் இருக்காது. பொட்டலத்தின் பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டும், அவ்வளவுதான். மாஸ்காட்டை, அதாவது பொருளின் அடையாளமாக வரும் உருவத்தை, ஒரு நடிகராக நினைத்துத் தொடங்குங்கள். நடிகருக்கு முதலில் வேடம், பிறகுதான் மேக்கப்.

அனிமேஷன் படித்துவிட்டு விளம்பர ஸ்டூடியோவில் சேர்ந்தவர்கள், ஏஜென்சியில் புதிதாக உட்கார்ந்திருப்பவர்கள், முதல் முறையாகத் தன் பொருளுக்கு மாஸ்காட் கேட்கும் உற்பத்தியாளர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது. ஒரே விலங்கு, 30 நொடி விளம்பரம் என்ற அளவில் பேசுவோம். பயிற்சிக்காகக் கடலைமிட்டாய்க்கு ஓர் அணிலை வைத்துக்கொள்வோம்.

முதலில் ஆசை, பிறகு உருவம்

பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த விளம்பர விலங்குகள் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கெல்லாக்ஸ் நிறுவனம் சர்க்கரை பூசிய சோளச் செதிலை அமெரிக்கச் சந்தையில் இறக்கிய 1952 வாக்கில், அதன் முகமாக யாரை வைப்பது என்று புலி, கங்காரு, யானை, ந்யூ என்ற ஆப்பிரிக்க மான் ஆகிய நான்கும் போட்டியில் இருந்தன. டப்பாவில் ஏறியவை புலியும் கங்காருவும். நிலைத்தது புலி. அந்த டோனி புலியின் வேலை தெம்பூட்டுவது. தயங்கி நிற்கும் பையனின் தோளில் கை போட்டு, 'கிரேட்' என்ற சொல்லின் ரகரத்தை உறுமலாக இழுத்துச் சொல்லும். உறுமல் புலிக்கே உரியது, சொல்லப்படுவதோ பொருளைப் பற்றி. விலங்கும் பொருளும் ஒரே ஒலியில் சேர்ந்துவிட்டன.

ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் டிரிக்ஸ் என்ற காலை உணவுத் தானியத்துக்கான முயல் 1959-ல் வந்தது. அதன் ஆசை ஒரு கிண்ணம் டிரிக்ஸ். மாறுவேடம் போடும், அகப்பட்டுக்கொள்ளும், குழந்தைகள் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். முயலுக்குக் கொடுக்கலாமா என்று 1976-ல் நிறுவனம் குழந்தைகளிடமே வாக்கெடுப்பு நடத்தியது. கொடுக்கலாம் என்றுதான் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நிறைவேறாத ஆசையை வைத்து அதுவரை 17 ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள்.

இவற்றில் மிகக் கெட்டிக்காரத்தனமானது ஸ்டார்கிஸ்ட் டப்பா மீனுக்கு 1961-ல் வந்த சார்லி என்ற சூரை மீன். விற்கும் பொருளே அந்த விலங்கின் சதையாக இருக்கும்போது என்ன செய்வது? சிக்கன் கடை போர்டில் கோழியே தட்டை ஏந்திச் சிரிப்பதைப் பார்த்து நமக்கு லேசாக ஒரு மாதிரி ஆகுமே, அந்தச் சிக்கல். இங்கே சார்லிக்கு ஆசையே தான் பிடிபட வேண்டும் என்பதுதான். கண்ணாடி, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, தனக்கு ரசனை உண்டு என்று பீற்றிக்கொள்வார். கம்பெனிக்கு வேண்டியது ரசனையுள்ள மீன் இல்லை, ருசியுள்ள மீன். 'ஸாரி, சார்லி' என்று எழுதிய சீட்டு தூண்டிலில் தொங்கும். ஒவ்வொரு முறையும் அவர் தோற்க, பொருளின் தரம் ஜெயிக்கிறது. கொல்லப்படுவது பற்றிய நெருடல் பார்ப்பவருக்கு எழுவதே இல்லை.

ஆகவே முதல் நாள் வேலை, இந்த வாக்கியத்தை நிரப்புவது: "இந்த விலங்குக்கு இன்னது வேண்டும், ஆனால் இன்னது தடுக்கிறது, அதனால் ஒவ்வொரு விளம்பரத்திலும் இப்படி ஆகிறது." நம் அணிலுக்கு: நாளைக்கென்று ஒரு மிட்டாயைச் சேர்த்துவைக்க வேண்டும், ஆனால் வெல்ல வாசனை வந்தால் கை நிற்காது, அதனால் தான் ஒளித்துவைத்ததைத் தானே தோண்டித் தின்றுவிடுகிறது.

எழுதியதும் சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அந்த வாக்கியத்திலிருந்து பத்துச் சம்பவங்கள் எழுத வேண்டும். மழைநாள், பரீட்சை, ரயில் பயணம், கல்யாண வீடு என்று ஓடினால் கையில் மாஸ்காட் இருக்கிறது. நான்கிலேயே நின்றுபோனால் அது ஒரு விளம்பரத்துக்கான ஜோக். அதை மாஸ்காட் என்று க்ளையண்டிடம் விற்காதீர்கள்; அடுத்த ஆண்டு இரண்டாவது படம் கேட்டு வருவார்.

எந்த விலங்கு

பெயரின் ஓசையிலிருந்தே விலங்கு பிறப்பதுண்டு. பிரிட்டனில் காப்பீட்டு விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் 'கம்பேர் த மார்க்கெட்' தளத்துக்கு வந்த சிக்கல், 'மார்க்கெட்' என்ற தேடுசொல்லுக்கு இணையத்தில் கொடுக்க வேண்டிய அதிக விலை. 'மீர்கேட்' என்ற கீரி இன விலங்கின் பெயருக்குக் கட்டணம் குறைவு. உச்சரிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2009 ஜனவரியில் கோட்டு அணிந்த, ரஷ்ய வாடையில் ஆங்கிலம் பேசும் அலெக்சாந்தர் ஓர்லோவ் என்ற மீர்கேட் திரைக்கு வந்து, தன் மீர்கேட் ஒப்பீட்டுத் தளத்தையும் மார்க்கெட் தளத்தையும் ஜனங்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்று புகார் சொல்லத் தொடங்கினார். அவர் புகார் சொல்லச் சொல்ல நிறுவனத்தின் பெயர் மனப்பாடமாகிவிட்டது. அமெரிக்காவின் கெய்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கு 1999-ல் கெக்கோ பல்லி வந்ததும் இதே பெயர்க் குழப்பத்தால்தான்.

ஆனால் அமெரிக்கப் பல்லி நம் ஊரில் செல்லுமா? மதிய உணவில் பல்லி விழுந்த செய்தியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு உணவு விளம்பரத்தில் பல்லியைக் காட்டவே முடியாது. ஆந்தை மேற்கே அறிவின் அடையாளம். இங்கே பல வீடுகளில் அபசகுனம், இந்தியில் 'உல்லு' என்றால் முட்டாள். அகில இந்திய விளம்பரம் என்றால் ஐந்து மொழிக்காரர்களிடமாவது அந்த விலங்கின் பெயர் வசவாகப் பயன்படுகிறதா என்று கேட்டுவிட வேண்டும். இதற்கு ஒரு பிற்பகல் போதும். விட்டுவிட்டால் போகும் செலவு அந்த விளம்பரம் முழுவதும்.

நிஜ விலங்கை வைத்தே எடுத்துவிடலாமே என்று க்ளையண்ட் கேட்பார். இந்தியாவில் படப்பிடிப்புக்கு விலங்கைப் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். 2001-ன் விதிகள் அப்படி. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதற்கே 1998 அறிவிக்கை தடை விதிக்கிறது. (2011-ல் அந்தப் பட்டியலில் காளையும் சேர, ஜல்லிக்கட்டு வழக்கு எங்கே போய் நின்றது என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) புலி வேண்டுமென்றால் வரைந்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. 2009 ஐபிஎல் சமயத்தில் வந்த வோடஃபோன் ஜூஜூக்களைப் பலரும் அனிமேஷன் என்றே நம்பினார்கள். உண்மையில் அவை வெள்ளை உடைக்குள் புகுந்து நடித்த மனிதர்கள், தென்னாப்பிரிக்காவில் படமாக்கப்பட்டவை. குறைந்த நாட்களில் நிறைய படங்கள் வேண்டுமென்றால் இந்த வழியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கோடுகளின் கணக்கு

இனிதான் பென்சில். முதலில் உள்விவரம் இல்லாமல் வெறும் கறுப்பு நிழலாக 30, 40 சிறு படங்கள் போடுங்கள், ஒவ்வொன்றும் தபால்தலை அளவுக்கு. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் இன்ன விலங்கு என்று தெரிந்தால் அதை எடுத்து வையுங்கள். அணிலுக்கு வால்தான் நிழல். வாலை உடம்புக்குப் பின்னால் மறைத்தால் எலி ஆகிவிடும். உணவு விளம்பரத்தில் எலி வந்தால் வேறு வினையே வேண்டாம். எனவே "எந்தக் கோணத்திலும் வால் உடம்பு எல்லைக்கு வெளியே தெரிய வேண்டும்" என்பதை எழுத்தில் விதியாக்கிவிடுங்கள்.

அடுத்து, கோடு. நம் ஒளிபரப்பில் நொடிக்கு 25 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப் படச் சட்டம்), 30 நொடிக்கு 750. கையால் வரையும் 2டி வேலையில் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்குப் பிடித்து வைப்பது வழக்கம். அப்படியென்றால் 375 படங்கள். புலியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 24 என்றால், விளம்பரம் முழுக்கப் புலி திரையில் இருக்கும் பட்சத்தில் 9,000 கோடுகள். ஒவ்வொன்றும் முந்தைய படத்தில் இருந்த இடத்திலிருந்து சரியான அளவு நகர்ந்திருக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் தோல் மீது புழு ஊர்வது போலத் தெரியும். கோடுகளை 12 ஆக்கினால் வேலை பாதி, புலி புலியாகத்தான் இருக்கும். நம் அணிலுக்கு மூன்றே கோடு. ராமர் தடவிக் கொடுத்தாரோ இல்லையோ, அனிமேட்டருக்குப் பெரிய உபகாரம்.

உடம்பைத் துண்டு துண்டாக வரைந்து, மூட்டுகளில் இணைத்துக் கணினியில் பொம்மை போல அசைக்கும் (ரிக் செய்யும்) 2டி-யில் கோட்டை ஒருமுறை வரைந்தால் போதும், ஆனால் தலை திரும்பும் ஒவ்வொரு கோணத்துக்கும் தனியாக வரைய வேண்டும். 3டி-யில் கோடு டெக்ஸ்சரில் (உருவத்தின் மேல் போர்த்தும் படத்தில்) போய்விடும், செலவே இல்லை. அங்கே காசைத் தின்பது ரோமம்.

உடை எதற்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் கரடிக்கும் நாய்க்கும் சட்டையில்லாமல் காலரும் டையும் மட்டும் இருந்ததன் காரணம் சிக்கனம். உடம்பை அசையாமல் பிடித்து வைத்துத் தலையை மட்டும் வரையும்போது, கழுத்தில் தெரியும் இணைப்புக் கோட்டைக் காலர் மறைத்துவிடும். டோனி புலியின் கழுத்துக் கைக்குட்டையும் அந்த வேலைக்குத் தோதானதுதான். அணிலுக்கு ஒரு சிறு துண்டு கட்டிவிடலாம். மிட்டாயை முடிந்து ஒளித்துவைக்கவும் ஆகும்.

விரல் நான்கு போதும். நிறம் ஐந்து, ஆறுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்று பொட்டலத்தின் நிறமாக இருக்கட்டும், ஆனால் உடம்பின் முதன்மை நிறம் அதுவாக இருக்கக் கூடாது. மஞ்சள் பொட்டலத்தைப் பிடித்திருக்கும் மஞ்சள் கையை யாராலும் பார்க்க முடியாது.

ஒப்புதல் வாங்கியதும் மாடல் ஷீட். முன்புறம், முக்கால், பக்கம், பின்முக்கால், பின்புறம் என ஐந்து கோணம், மொத்த உயரம் எத்தனை தலை அளவு என்று காட்டும் கிடைக்கோடுகளுடன் (அணிலுக்கு இரண்டரைத் தலை பொருத்தம்). எட்டு முகபாவம், கை நிலைகள் ஆறு, பொட்டலத்தோடு உயர ஒப்பீடு ஒன்று. இந்தக் கடைசிப் படத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். முதல் ஷாட்டில் மிட்டாயைக் கக்கத்தில் இடுக்கிய அணில், ஆறாவது ஷாட்டில் மிட்டாய் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். "கூடாதவை" என்று இன்னொரு தாளும் போடுங்கள்: பற்கள் முழுசாகத் தெரியக் கூடாது, வால் மறையக் கூடாது, கண்ணிமை இல்லாமல் கண் சிமிட்டக் கூடாது. புதிதாக வரும் வரைகலைஞருக்கு மாடல் ஷீட்டைவிட இந்தத் தாள்தான் அதிகம் உதவும்.

கடைசியாக, அணிலை ஐந்து நொடி காட்டி எடுத்துவிட்டு, பத்துக் குழந்தைகளை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். யாருமே வரையாத விவரம் எதுவோ அதை வடிவமைப்பிலிருந்து தூக்கிவிடலாம்.

குரல் முந்தி

குரலைப் பதிவு செய்துவிட்டுத்தான் அசைவு. டோனிக்கு 1953 முதல் 2005-ல் இறக்கும் வரை குரல் கொடுத்தவர் தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட், அடித்தொண்டைப் பாடகர். அரை நூற்றாண்டுக்கு ஒரே குரல் என்பது பெரிய சொத்து, அதே அளவு ஆபத்தும்கூட. அஃப்லாக் காப்பீட்டு வாத்தின் குரலாக இருந்த கில்பர்ட் காட்ஃப்ரைட், ஜப்பான் சுனாமி பற்றி ட்விட்டரில் எழுதிய ஜோக்குகளால் 2011-ல் நீக்கப்பட்டார். நிறுவனம் பொதுத் தேர்வு நடத்திப் புதுக் குரலைத் தேட வேண்டியதாயிற்று. வாத்து பேசியது ஒரே ஒரு சொல் என்பதால் தப்பித்தார்கள். எனவே முதல் பதிவின்போதே குரலின் சுருதி, வேகம், எந்தெந்த எழுத்தில் இழுவை, சிரிப்பின் வகைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, மாதிரி ஒலிக்கோப்புகளோடு சேமியுங்கள்.

தமிழ் உதட்டசைவுக்கு ஒன்பது வாய் போதும்: ஓய்வு, மூடியது (ம, ப), மேற்பல் கீழுதட்டில் (வ, ஃப), நடுத்தரத் திறப்பு (அ, எ), அகலத் திறப்பு (ஆ), இழுத்தது (இ, ஈ), வட்டம் (ஒ, ஓ), குவிந்தது (உ, ஊ), நாக்கு தெரிவது (ல, ள, ழ, த, ந). 'கடலைமிட்டாய்' என்று அணில் சொல்வதைப் பிரித்துப் பாருங்கள். 'க', 'ட' இரண்டுக்கும் ஒரே நடுத்தரத் திறப்பு. தனித்தனியாக வரைந்தால் வாய் படபடக்கும். 'லை'யில் நாக்கு. 'மி'யின் மகரத்தில் மூடிய வாய் குறைந்தது இரண்டு பிரேம் நிற்க வேண்டும். ஒரே பிரேமில் போனால் கண் பிடிக்காது, மகரத்தையே சொல்லாதது போலிருக்கும். 'டா' அகலம், 'ய்' இழுப்பில் முடிவு. வாய் ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னதாகப் போகலாம், ஒருபோதும் பின்தங்கக் கூடாது.

ஆங்கிலப் பாடங்களிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் தமிழில் தவறும் இடம் குற்றியலுகரம். 'பாட்டு', 'எடுத்து', 'காசு' ஆகியவற்றின் கடைசி உகரத்துக்கு நம் உதடு குவிவதில்லை. அங்கே குவிந்த வாயைப் போட்டால் அணில் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். தானாகவே வாய் போட்டுத் தரும் மென்பொருள்களும் இதே தவறைச் செய்யக்கூடும். முடிவைக் கண்ணால் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

ஐந்து மொழிகளில் ஓடப்போகும் விளம்பரம் என்றால் வடிவமைப்பிலேயே யோசியுங்கள். அலகுள்ள பறவைக்கு உதடு கிடையாது; திறப்பதும் மூடுவதும்தான், எந்த மொழியை ஒட்டினாலும் பொருந்தும். அல்லது பேசாத விலங்கு. 1993-ல் ரிதம் அண்ட் ஹ்யூஸ் ஸ்டூடியோ கணினியில் உருவாக்கிய கோகோ கோலா பனிக்கரடிகள், வடதுருவ ஒளியைத் திரைப்படம் பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்தன. ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த நாட்டிலும் டப்பிங் தேவைப்படாது.

30 நொடியைப் பங்கு போடுவது

இந்தியச் சேனல்கள் நேரத்தை 10 நொடிக் கணக்கில் விற்கின்றன. எனவே 30 நொடிப் படம் எழுதும்போதே அதன் 20, 10 நொடி வெட்டுகள் எப்படி வரும் என்று பார்த்துவிடுங்கள். அணிலுக்கு ஒரு பங்கீடு: அலமாரி மேல் மிட்டாயோடு நுழைவது 3 நொடி (75 பிரேம்), ஒளித்துவைப்பது 7 நொடி (175), வாசனையோடு போராட்டம் 8 நொடி (200), தோல்வி, வாய் நிறைய மிட்டாய் 5 நொடி (125), பொட்டலத்தைக் காட்டும் பேக் ஷாட் 4 நொடி (100), லோகோவும் கடைசிக் குறும்பும் 3 நொடி (75). பத்து நொடி வெட்டு, தோல்வியின் நடுவிலிருந்து தொடங்கும்.

வசனம் 40 சொல்லைத் தாண்டினால் நடிப்புக்கு இடமில்லை. க்ளையண்ட் 'பாரம்பரியம், சுத்தம், சத்து' மூன்றையும் சொல்லச் சொல்வார். ஒன்றைப் பேசட்டும், ஒன்றைத் திரையில் எழுத்தாகப் போடுங்கள், மூன்றாவதை அடுத்த விளம்பரத்துக்கு வையுங்கள்.

ஸ்டோரிபோர்டு படங்களை தற்காலிகக் குரலோடு நேரப்படி அடுக்கினால் அனிமேட்டிக். திருத்தம் எல்லாம் இந்தக் கட்டத்தில் முடிய வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு ஷாட்டை மாற்ற அரை நாள், அசைவு முடிந்த பிறகு ஒரு வாரம். அனிமேட்டிக்கில் கையெழுத்து வாங்காமல் அடுத்த படிக்குப் போகவே போகாதீர்கள். "ஓகே" என்ற வாட்ஸ்அப் கட்டைவிரலைக் கையெழுத்தாக எண்ண வேண்டாம். யாருடைய ஓகே, எந்தப் பதிப்புக்கு என்று மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அசைவு

விலங்கை அசைப்பதில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை உடற்கூறு பற்றியது. நாய், பூனை, புலி ஆகியவற்றின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கித் தெரிகிறதே ஒரு மூட்டு, அது குதிகால். முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இது தெரியாமல் ரிக் செய்தால் நடக்கும்போது கால் முறிந்தது போலிருக்கும். விலங்கை இரண்டு காலில் நிறுத்தினால் மனிதனைப் போல் பாதம் முழுதும் ஊன்றுமா, விரல் நுனியில் நிற்குமா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். டோனி ஆரம்பத்தில் நான்கு காலில் நடந்த புலி. பிற்பாடுதான் நிமிர்ந்து நின்றது. பொட்டலத்தைக் கையில் பிடிக்க வேண்டிய எந்த விலங்குக்கும் கடைசியில் இதுதான் கதி.

ஒவ்வொரு விலங்குக்கும் தனித் தாளம் உண்டு. அணில் சீராக நடப்பதில்லை: நான்கைந்து பிரேமில் ஒரு பாய்ச்சல், பிறகு பத்துப் பன்னிரண்டு பிரேம் உறைந்து நிற்றல், அந்த நிறுத்தத்தில் வால் மட்டும் இரண்டு வெட்டு. இந்தத் தாளத்தை விட்டுவிட்டு ஆயத்த நடைச் சுழற்சியைப் பொருத்தினால் அணில் வேடம் போட்ட மனிதன்தான் வருவான். ஒரு காலை நேரம் மாமரத்தடியில் கைபேசியோடு உட்கார்ந்தால் வேண்டிய அளவு மூலக்காட்சி கிடைக்கும்.

3டி-யில் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பாதம் தரையில் வழுக்குவது. ஊன்றிய பாதம் எழும்வரை ஒரு பிக்ஸல்கூட நகரக் கூடாது. இரண்டு, ரோமம். கணினி ஒரு பிரேமை முழுப் படமாக்க (ரெண்டர் செய்ய) 40 நிமிடம் என்றால் 750 பிரேமுக்கு 30,000 நிமிடம், அதாவது 500 மணி நேரம். பத்துக் கணினி இருந்தாலும் 50 மணி நேரம். திருத்தங்களுக்காக இதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆகவே மாடல் முடிந்த வாரத்திலேயே மிக அருகில் வரும் ஷாட்டின் ஒரே ஒரு பிரேமை முழுத் தரத்தில் ரெண்டர் செய்து நேரத்தைக் குறியுங்கள். தாங்காது என்றால் ரோமத்தை வாலுக்கும் கன்னத்துக்கும் மட்டும் விட்டு, மீதியை டெக்ஸ்சரில் சமாளிக்கலாம்.

நிஜ வீட்டில் எடுத்த காட்சியில் அணிலைப் பொருத்துவதாக இருந்தால் படப்பிடிப்பு நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அணில் உயரத்தில் ஒரு பஞ்சுப் பொம்மையை வைத்து நடிகரின் பார்வையைச் சரிசெய்து ஒரு டேக். பொம்மையை எடுத்துவிட்டு ஒரு டேக். ஆளே இல்லாமல் வெறும் பின்னணி ஒரு டேக். அங்கே ஒளி எப்படி விழுகிறது என்று பதிய, அதே இடத்தில் சாம்பல் நிறப் பந்தும் பளபளக்கும் பந்தும் வைத்து ஒரு சில நொடி. லென்ஸ், கேமரா உயரம், தூரம் மூன்றையும் எழுதி வையுங்கள். வெறும் பின்னணியை எடுக்க மறந்தால் பொம்மையை அழிப்பதற்கே மூன்று நாள் போகும்.

சேனலுக்கு அனுப்புமுன்

1920 × 1080 சட்டத்தில் எழுத்துகள் நடுவிலுள்ள 1728 × 972-க்குள் அடங்க வேண்டும், அதாவது இரு பக்கமும் 96, மேலும் கீழும் 54 பிக்ஸல் விட்டு. கீழ் ஓரத்தில் செய்திச் சேனலின் பட்டை ஓடும் என்பதையும் மனதில் வையுங்கள். அணிலின் கால் போனால் பரவாயில்லை, மிட்டாய் போகக் கூடாது. ஒலி மட்டம் ஐரோப்பிய வழக்கில் -23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் உரப்பின் அலகு), அமெரிக்காவில் -24; உங்கள் சேனல் கேட்கும் அளவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீச்சுக் குரல் அளவுகோலில் சரியாக இருந்தாலும் காதில் உறைக்கும். சாதாரண டிவி ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

யாருடைய அணில்

இந்தப் பகுதியைத் தாவிப் போக வேண்டாம். மாஸ்காட்டின் பெயரையும் உருவத்தையும் வணிகமுத்திரையாகப் பதிவு செய்யும்போது பொருள் வகுப்பு முக்கியம்; மொத்தம் 45 வகுப்புகள், மிட்டாயும் தானிய உணவும் 30-ல் வரும். வகுப்பு வேறென்றால் சண்டை வராது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. எக்ஸான் பெட்ரோலுக்கும் ஒரு கார்ட்டூன் புலி இருந்தது. பல பத்தாண்டுகள் கெல்லாக்ஸ் புலியும் அதுவும் அவரவர் காட்டில் இருந்தன. பெட்ரோல் நிலையக் கடைகளில் உணவு விற்கவும் அந்தப் புலியை எக்ஸான் பயன்படுத்தியபோது கெல்லாக்ஸ் 1996-ல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததை 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றி, வழக்கு தொடரலாம் என்றது.

வரைந்தவரிடமிருந்து உரிமையை எழுத்தில் மாற்றி வாங்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் மிட்டாய் ஏற்றுமதி செய்பவருக்கு இந்த ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வரைகலைஞராக இருந்தால் இதே வரியை வைத்துத்தான் உங்கள் கட்டணத்தைப் பேச வேண்டும்.

குழந்தைகளுக்கான பொருள் என்றால் விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. சிலி நாடு 2016-ல் அமல்படுத்திய சட்டத்தால் சர்க்கரை மிகுந்த உணவுப் பொட்டலங்களிலிருந்து கார்ட்டூன் உருவங்கள் நீங்கின. டோனி புலியும் அங்கே டப்பாவை விட்டு இறங்கியது. இந்தியாவில் 2022-ன் வழிகாட்டு விதிகள் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைக் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு நடுவிலும் குழந்தைகள் சேனலிலும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கின்றன. அணிலை மிட்டாய்க்கு மட்டும் கட்டிப் போடாமல், அதே நிறுவனத்தின் கடலை எண்ணெய்க்கும் வந்து நிற்கக்கூடியதாக எழுதுவது நல்லது.

ஒப்படைக்கும்போது முடிந்த விளம்பரக் கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடுத்த படத்தை வேறு ஸ்டூடியோ செய்ய நேரலாம். ரிக் கோப்பு, டெக்ஸ்சர்கள், நிற எண்கள், ஒன்பது வாய், குரல் மாதிரிகள், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்ற குறிப்பு, 'கூடாதவை' தாள், எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். முதுகில் கோடு மூன்று என்பதையும் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் நாலாவது விளம்பரத்தில் யாராவது ஐந்து போட்டுவிடுவார்கள்.